பொறுப்பில் இருப்பவர்களுக்கு மனவிழிப்புப் பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு குழுவையோ துறையையோ முழு நிறுவனத்தையோ நடத்தும் பொறுப்பில் இருப்பவர்கள், மைண்ட்ஃபுல்னெஸ் என்ற பெயரில் பரவலாகப் பேசப்படும் மனவிழிப்புப் பயிற்சியைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. தனிமனிதருடைய அமைதிக்கான வழியாக இதை விளக்கும் எழுத்துகள் ஏராளம். இங்கே பேசப்படுவது, தம் ஒரு சொல்லால் பிறருடைய வேலை நாளையே மாற்றிவிடக்கூடிய இடத்தில் இருப்பவர் இதை எப்படிக் கைக்கொள்வது என்பதைப் பற்றித்தான்.

மனவிழிப்பு என்றால் என்ன?

இப்போது நடந்துகொண்டிருப்பதை, அது நடக்கும்போதே, உடனுக்குடன் தீர்ப்பு எழுதாமல் கவனிப்பதே மனவிழிப்பு. எதிரே இருப்பவர் பேசுவது மட்டுமன்றி, அதைக் கேட்கும்போது நம் வயிற்றில் ஏற்படும் இறுக்கமும், ‘இவர் எப்போதும் இப்படித்தான்’ என்று உள்ளே ஓடும் எண்ணமும் அந்தக் கவனிப்புக்குள் அடங்கும். மனத்தை வெறுமையாக்குவது இதன் நோக்கமன்று. எண்ணங்கள் வந்துகொண்டேதான் இருக்கும். ஓர் எண்ணத்தின் பின்னால் போய்விட்டோம் என்று தெரிந்தவுடன் சலித்துக்கொள்ளாமல் திரும்பி வருவதுதான் பயிற்சி.

இது சமயம் சார்ந்த பயிற்சியா?

இதன் வேர்கள் பௌத்தத் தியான மரபில் உள்ளன. ஆனால் இன்று பணியிடங்களில் கற்பிக்கப்படும் வடிவம் மருத்துவமனை வழியாக வந்தது. ஜான் கபாட்-ஜின் 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில், நாள்பட்ட வலியோடும் நோயோடும் வாழ்ந்தவர்களுக்காக எட்டு வாரப் பயிற்சி ஒன்றை வகுத்தார். சமயச் சடங்கு எதுவும் அதில் இல்லை. பின்னர் ஜிண்டல் சீகல், மார்க் வில்லியம்ஸ், ஜான் டீஸ்டேல் ஆகிய மூவரும் அதை, எண்ணப் போக்குகளை மாற்ற உதவும் அறிதிறன் சிகிச்சையோடு இணைத்து, மனச்சோர்வு மீண்டும் மீண்டும் வருபவர்களுக்கான முறையாக உருவாக்கினார்கள். எந்தச் சமயத்தவரும், சமய நம்பிக்கை இல்லாதவரும் தயக்கமின்றிச் செய்யக்கூடிய பயிற்சி இது.

இது என் சொந்த மனநலத்துக்கான விஷயம் அல்லவா? தலைமைப் பொறுப்போடு இதற்கு என்ன தொடர்பு?

பலரும் இந்தப் பயிற்சியைத் தம் மன அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளவே தொடங்குகிறார்கள், அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் பொறுப்பில் இருப்பவருடைய எதிர்வினை அவரோடு நின்றுவிடுவதில்லை. குழுவில் ஒருவர் எரிச்சலில் முகம் சுளித்தால் அன்று அவருக்கு மனம் சரியில்லை என்று மற்றவர்கள் எடுத்துக்கொள்வார்கள். மேலாளர் முகம் சுளித்தால், தாம் சொன்னதில் என்ன பிழை, இனி எதைச் சொல்லாமல் இருப்பது நல்லது என்று ஒவ்வொருவரும் கணக்குப் போடத் தொடங்கிவிடுவார்கள். அந்தக் கணக்கை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள் என்பதால், அது நடப்பதே மேலாளருக்குத் தெரிவதில்லை. சில மாதங்களில் நல்ல செய்திகள் மட்டும் அவருடைய மேசைக்கு வரும். கெட்ட செய்திகள், இனி மறைக்கவே முடியாது என்ற நிலை வந்த பிறகுதான் வரும்.

எனவே, கேட்டதற்கும் அதற்கு நாம் காட்டும் எதிர்வினைக்கும் நடுவே உள்ள சில நொடிகளைக் கவனிக்கக் கற்றுக்கொள்வதே ஒரு தலைவருக்கு இந்தப் பயிற்சி தரும் முதன்மையான பயன் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அமைதி, நல்ல உறக்கம், கூர்மை ஆகியவை வந்தால் மகிழ்ச்சிதான். ஆனால் அவை வராவிட்டாலும் அந்தச் சில நொடிகளுக்காகவே இதைச் செய்யலாம். சிங்கப்பூர் மேலாண்மைப் பல்கலைக்கழகத்தின் யோகன் ரெப்பும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், மனவிழிப்பு மிகுந்த மேலாளர்களின் கீழ் வேலை செய்தவர்களிடம் உணர்ச்சிச் சோர்வு குறைவாகவும் வேலைத்திறன் மேலாகவும் இருந்ததைக் கண்டார்கள். எது காரணம், எது விளைவு என்பதை அத்தகைய ஆய்வால் அறுதியிட முடியாது. ஆயினும் மேலாளருடைய கவனம் அவருக்குக் கீழே இருப்பவர்களின் நலனோடு தொடர்புடையது என்பதை அது காட்டுகிறது.

எப்படித் தொடங்குவது?

நாற்காலியில், இரு பாதங்களும் தரையில் படும்படி, முதுகை விறைப்பாக்காமல் நிமிர்த்தி உட்காருங்கள். கண்களை மூடிக்கொள்ளலாம், அல்லது பார்வையைத் தாழ்த்தி ஓரிடத்தில் நிறுத்தலாம். மூச்சை மாற்ற முயலாமல், அது உடலில் எங்கே தெளிவாகத் தெரிகிறதோ, மூக்கு நுனியோ மார்போ வயிறோ, அங்கே கவனத்தை வையுங்கள். சிறிது நேரத்திலேயே மனம் நாளைய கூட்டத்துக்கோ நேற்றைய பேச்சுக்கோ போய்விடும். போனது தெரிந்ததும், ‘திட்டமிடல்’, ‘கவலை’ என்று ஒரு சொல்லில் அதைக் குறித்துக்கொண்டு மூச்சுக்குத் திரும்புங்கள். பத்து நிமிடத்தில் இது நூறு முறை நடந்தாலும் பயிற்சி சரியாகவே நடக்கிறது என்று பொருள். திரும்பி வரும் அந்தக் கணத்தில்தான், பின்னர் கூட்டத்தில் தேவைப்படும் அதே திறன் வளர்கிறது.

முதல் சில வாரங்களில் ஒரே நேரம், ஒரே இடம் என்று வைத்துக்கொள்வது நல்லது. அலைபேசியைக் கையில் எடுப்பதற்கு முன்பே உட்கார்ந்துவிடுவது பெரும்பாலானோருக்கு எளிதாக இருக்கிறது. ஒருமுறை செய்திகளைப் பார்த்துவிட்டால் வேலை மனத்துக்குள் நுழைந்துவிடும்.

என் மனம் அலைந்துகொண்டே இருக்கிறது. இது எனக்கு ஏற்ற பயிற்சி அல்லவோ?

எல்லோருடைய மனமும் அலைகிறது. மேத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் ஆகியோர் 2010-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வில், 2,250 பேரிடம் நாளின் வெவ்வேறு வேளைகளில் அலைபேசி வழியாகக் கேட்டபோது, அவர்கள் ஏறத்தாழ 47 சதவீத வேளைகளில் கையில் இருந்த வேலையை விட்டு வேறெதையோ நினைத்துக்கொண்டிருந்தார்கள். அலைகிறது என்று நீங்கள் கவனித்திருப்பதே பயிற்சி வேலை செய்யத் தொடங்கியதற்கான அடையாளம்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

கபாட்-ஜின் வகுத்த முறையில் வாரத்துக்கு ஒரு நீண்ட வகுப்போடு, வீட்டில் நாள்தோறும் ஏறக்குறைய 45 நிமிடப் பயிற்சியும் உண்டு. பொறுப்பில் இருக்கும் பலருக்கு அது இயலாது. தவறாமல் செய்யும் பத்து நிமிடம், எப்போதாவது செய்யும் ஒரு மணி நேரத்தைவிட மேலானது.

அந்தப் பத்து நிமிடமும் கிடைப்பதில்லை. வேலைக்கு நடுவே செய்ய ஏதேனும் வழி உண்டா?

உண்டு, ஒரு தலைவருடைய நாளில் அதற்கு மிகவும் பொருத்தமான இடம், ஒரு வேலை முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளி. நாம் ஒரு வேலையை விட்டு அடுத்ததற்கு நகரும்போது கவனம் முழுவதும் கூடவே வருவதில்லை. ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது. சோஃபி லெராய் 2009-இல் வெளியிட்ட ஆய்வு, இந்தக் கவன எச்சம் அடுத்த வேலையின் தரத்தைக் குறைப்பதைக் காட்டியது. நிதி ஒதுக்கீட்டுக் கூட்டத்தில் ஏற்பட்ட கசப்போடு நேராக ஓர் ஊழியரின் ஆண்டு மதிப்பீட்டுப் பேச்சுக்குள் நுழையும் மேலாளர், தமக்குத் தெரியாமலேயே அந்தக் கசப்பை அவர் மீது இறக்கிவைக்கிறார். பாதிக்கப்படுபவருக்கோ, அது தம் வேலையைப் பற்றிய தீர்ப்பாகவே தெரியும்.

ஆகவே, கூட்டங்களை ஒன்றோடொன்று ஒட்டாமல் அமையுங்கள். ஒரு மணி நேரக் கூட்டத்தை 50 நிமிடத்தில் முடிப்பது என்று விதி வைத்துக்கொண்டால் உங்களுக்கு மட்டுமன்றி, எல்லோருக்கும் மூச்சுவிட நேரம் கிடைக்கும். அந்த இடைவெளியில் இரண்டு நிமிடம் அலைபேசியைத் தொடாதீர்கள். முதலில், முடிந்த கூட்டத்திலிருந்து எந்த உணர்ச்சியை எடுத்து வருகிறீர்கள் என்று பாருங்கள். பிறகு சில மூச்சுகளை முழுமையாகக் கவனியுங்கள். கடைசியாக, அடுத்து சந்திக்கப்போகிறவர் யார், இந்தச் சந்திப்பிலிருந்து அவருக்கு என்ன தேவை என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

கூட்டத்தில் கோபம் பொங்கும்போது உண்மையில் என்ன செய்வது?

வாராந்திர ஆய்வுக் கூட்டம் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குழுவில் ஒருவர், தயங்கித் தயங்கி, இந்த மாத இறுதியில் முடிய வேண்டிய வேலை மூன்று வாரம் தள்ளிப்போகும் என்கிறார். அது முடிந்துவிடும் என்று வாடிக்கையாளரிடம் நீங்கள் முந்தைய நாள்தான் உறுதி அளித்திருக்கிறீர்கள். அந்த நொடியில் நடப்பவை பெரும்பாலும் உடலில்தான் தொடங்கும்: தாடை இறுகும், முகத்தில் வெப்பம் ஏறும், மூச்சு மேலோட்டமாகும், ‘ஏன் முன்பே சொல்லவில்லை?’ என்ற கேள்வி நாக்கு நுனிக்கு வந்துவிடும். நாள்தோறும் உட்கார்ந்து பழகியவருக்கு இந்த அடையாளங்கள் சற்று முன்னதாகவே தெரியும். பயிற்சியால் கிடைக்கும் மாற்றம் அவ்வளவுதான், ஆனால் அதுவே போதும்.

தெரிந்ததும், பாதங்கள் தரையில் படுவதை உணருங்கள். மூச்சை ஒருமுறை நிதானமாக வெளியே விடுங்கள். அறையில் இருப்பவர்களுக்கு, நீங்கள் யோசிக்கிறீர்கள் என்று மட்டுமே தோன்றும். பிறகு, ‘ஏன் முன்பே சொல்லவில்லை?’ என்பதை இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். கேள்வியின் வடிவில் இருந்தாலும் அது குற்றச்சாட்டாகவே காதில் விழும். பதிலாகக் கிடைப்பது தகவலாக இராது, தற்காப்பாகவே இருக்கும். ‘சொன்னது நல்லது. இப்போது எது தடையாக இருக்கிறது? வாடிக்கையாளரிடம் எந்தப் பகுதியை நாம் உறுதியாகக் கொடுக்க முடியும்?’ என்று கேட்டால், தள்ளிப்போன மூன்று வாரத்தில் எவ்வளவு மீட்கலாம் என்பதை நோக்கிப் பேச்சு திரும்பும். தாமதமாகச் சொன்னதைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். அதை அன்று மாலையோ மறுநாளோ தனியாகப் பேசுங்கள்.

கோபம் அதற்கும் அடங்காத அளவில் இருந்தால், ‘இதைக் கேட்டதும் எனக்குப் பதற்றமாக இருக்கிறது. பத்து நிமிடம் கழித்து இதைத் தொடர்வோம்’ என்று சொல்லிவிடலாம். இப்படிச் சொல்வதை பலவீனம் என்று பலர் நினைக்கிறார்கள். குழுவினர் அப்படி எடுத்துக்கொள்வதில்லை. தங்கள் தலைவர் தம் நிலையை அறிந்தவர் என்பது அவர்களுக்கு அச்சத்தைக் குறைக்கிறது.

அப்படியென்றால் கோபத்தை அடக்கிக்கொள்ளச் சொல்கிறீர்களா?

இல்லை. அடக்குவது என்பது கோபம் இல்லாதது போல் காட்டிக்கொள்வது. அதற்கு மிகுந்த ஆற்றல் செலவாகும், எதிரே இருப்பவரும் எளிதில் கண்டுகொள்வார். கவனிப்பது என்பது கோபம் இருப்பதை முழுமையாக ஒப்புக்கொண்டு, அது சொல்லும் முதல் சொல்லை அப்படியே பேசாமல் இருப்பது. அநீதி நடந்திருந்தால், ஒருவர் மற்றொருவரை இழிவுபடுத்தியிருந்தால், பாதுகாப்பு விதியை யாரேனும் மீறியிருந்தால், உறுதியான குரலில் உடனே தடுப்பதுதான் தலைவரின் கடமை. அத்தகைய வேளையில் நிதானம் என்ற பெயரில் மௌனமாக இருப்பது மனவிழிப்பு ஆகாது.

இந்தப் பயிற்சி என்னை மென்மையாக்கி, கடினமான முடிவுகளை எடுக்கவிடாமல் செய்துவிடுமா?

கடினமான முடிவுகளில் நம்மைத் தடுமாறவைப்பது பெரும்பாலும் அச்சமும் பழைய முதலீட்டின் மீதான பற்றும்தான். ஏற்கெனவே பெரும்பணமும் காலமும் செலவாகிவிட்டது என்பதற்காகவே, பயன் தராது என்று தெரிந்த திட்டத்தையும் கைவிட மனமின்றி இழுத்துக்கொண்டிருப்போம். ஆண்ட்ரூ ஹாஃபென்பிராக், ஜோ கினியாஸ், சிகல் பார்சேட் ஆகியோர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், மூச்சைக் கவனிக்கும் 15 நிமிடப் பயிற்சிக்குப் பின் மக்கள் இந்தப் பிழைக்கு ஆளாவது குறைந்தது. கடந்ததையும் வரப்போவதையும் விட்டு, கண்முன் உள்ள நிலவரத்தின் மீது மனம் நின்றதே அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. ஒருவரைப் பணியிலிருந்து விடுவிக்கும் செய்தியைச் சொல்ல வேண்டியிருந்தாலும், நம் சங்கடத்தைத் தணித்துக்கொள்ளச் சுற்றி வளைக்காமல் நேராகவும் கனிவாகவும் சொல்ல இந்தப் பயிற்சி உதவும்.

மின்னஞ்சலிலும் குறுஞ்செய்தியிலும் இதை எப்படிக் கடைப்பிடிப்பது?

எரிச்சலோடு எழுதிய பதிலை வரைவாகச் சேமித்துவைத்துவிட்டு, மறுபடி படித்த பிறகே அனுப்புங்கள். பெறுநர் முகவரியை இறுதியில் நிரப்பும் பழக்கம் பல வருத்தங்களைத் தவிர்க்கும். இரவு பதினொரு மணிக்கு உங்களுக்கு ஒரு யோசனை தோன்றினால், அதை அனுப்பும் முன் இது இப்போதே போக வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் ‘அவசரமில்லை’ என்று எழுதினாலும், அனுப்பியவர் மேலாளர் என்பதால் பெறுபவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். காலையில் சென்று சேரும்படி நேரம் குறித்து அனுப்பும் வசதி பெரும்பாலான மின்னஞ்சல் சேவைகளில் இருக்கிறது.

இதன் பயன் ஆய்வுகளால் உறுதியாகியிருக்கிறதா?

ஓரளவுக்கு. தியானப் பயிற்சிகளைப் பற்றிய 47 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 3,515 பேரின் விவரங்களையும் ஒருசேர அலசி, 2014-இல் ‘ஜாமா இன்டர்னல் மெடிசின்’ இதழில் ஒரு தொகுப்பாய்வு வெளியானது. மனவிழிப்புப் பயிற்சி பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றைச் சிறிதளவு குறைப்பதற்கு மிதமான சான்று உண்டு என்றும், கவனக்கூர்மை, உறக்கம் போன்றவற்றில் போதிய சான்று இல்லை என்றும், மருந்து, உடற்பயிற்சி போன்ற வழிகளைவிட இது மேலானது என்று காட்டும் சான்று எதுவும் இல்லை என்றும் அது கூறியது. இதைவிடப் பெரிய வாக்குறுதிகளோடு யாரேனும் பயிற்சியை விற்க வந்தால் தயங்குங்கள்.

இதனால் தீங்கு ஏதும் உண்டா?

சிலருக்குக் கண்மூடி உட்காரும்போது பதற்றம் கூடுவதும், பழைய அதிர்ச்சிகள் மேலெழுவதும் உண்டு. அப்படி நேர்ந்தால் நிறுத்திவிட்டு மனநல வல்லுநரை அணுகுங்கள். நடந்துகொண்டே பாத அசைவைக் கவனிப்பது போன்ற மாற்று வழிகள் அவர்களில் பலருக்குப் பொருந்தும்.

தலைவர்கள் குறிப்பாக அறிந்திருக்க வேண்டிய வேறொரு சிக்கலும் இருக்கிறது. ஹாஃபென்பிராக்கும் சக ஆய்வாளர்களும் பின்னர் வெளியிட்ட மற்றோர் ஆய்வுத் தொடரில், மூச்சைக் கவனிக்கும் பயிற்சி குற்றவுணர்வைக் குறைத்ததோடு, தாம் தீங்கிழைத்தவருக்கு ஈடுசெய்யும் விருப்பத்தையும் குறைத்தது தெரியவந்தது. ஊழியர் ஒருவரை எல்லோர் முன்னிலையிலும் கடிந்துவிட்டுத் தம் அறைக்குள் போய், கண்மூடி, மனம் லேசாகித் திரும்புபவர் அவரிடம் மன்னிப்புக் கேட்காமலேயே இருந்துவிடலாம். குற்றவுணர்வு நம்மை நகர்த்துவதற்காக வருவது; அதைக் கரைக்க அவசரப்படக் கூடாது. முதலில் அவரிடம் போய்ப் பேசுங்கள், பிறகு உட்காருங்கள். பிறர் நலனை வேண்டி மனத்தில் அன்பை வளர்க்கும் தியானத்தில் இந்தச் சிக்கல் இல்லை என்பதை அதே ஆய்வுத் தொடர் காட்டியது.

என் குழுவினரையும் இதைச் செய்யச் சொல்லலாமா?

அழைக்கலாம், கட்டாயப்படுத்தக் கூடாது. மேலாளர் வைக்கும் அழைப்பு எவ்வளவு மென்மையாக இருந்தாலும் அதில் கட்டளையின் நிழல் விழும் என்பதால், வராதவர்கள் யார் என்று கணக்கெடுக்காதீர்கள். வேலை நேரத்துக்குள்ளேயே நடத்துங்கள். கற்றுக்கொடுப்பவர் முறையாகப் பயின்றவராக இருக்கட்டும்.

இதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. வேலைப்பளுவும் ஆள் பற்றாக்குறையும் நியாயமற்ற காலக்கெடுவும் உண்டாக்கிய சோர்வுக்குத் தியான வகுப்பை மருந்தாகக் கொடுப்பது, பழியை ஊழியர் மீது திருப்பும் செயல். பணிச்சோர்வு என்பது சரிவரக் கையாளப்படாத நாள்பட்ட பணியிட அழுத்தத்தின் விளைவு என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் விளக்கியது. அதாவது அதன் ஊற்று பணியிடத்தில் இருக்கிறது. வில்லியம் ஃபிளெமிங் 2024-இல் வெளியிட்ட ஆய்வில், பிரிட்டனின் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்களின் விவரங்களை அலசியபோது, தனிநபர் அளவிலான மனநலத் திட்டங்களில் பங்கேற்றவர்கள் பங்கேற்காதவர்களைவிட மேம்பட்ட நிலையில் இல்லை என்பது தெரியவந்தது. வேலையின் அமைப்பை மாற்றும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது, அவர்களிடம் இல்லை. அந்த அதிகாரத்தைப் பயன்படுத்திய பிறகு வகுப்பைப் பற்றி யோசியுங்கள்.

அலைபேசிச் செயலிகள் போதுமா?

தொடக்கத்துக்கு உதவும். குரல்வழி வழிகாட்டுதல் இல்லாமலும் உட்காரக் கற்றுக்கொள்ளுங்கள். கூட்டத்தின் நடுவே காதில் யாரும் வழிகாட்டப்போவதில்லை.

பயன் கிடைக்கிறதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

உட்காரும்போது எவ்வளவு அமைதியாக இருந்தது என்பதை வைத்து அளக்காதீர்கள். நாள்தோறும் மாறும் அது எதையும் நிரூபிப்பதில்லை. உங்களோடு வேலை செய்பவர்களிடம் தெரியும் மாற்றங்களைப் பாருங்கள். கூட்டத்தில் நீங்கள் பேசி முடித்த பிறகு யாரேனும் மாற்றுக் கருத்தைச் சொல்கிறார்களா, அல்லது எல்லோரும் தலையசைத்துவிட்டு வெளியே போய்ப் பேசிக்கொள்கிறார்களா? தவறு நடந்தால் அது முதலில் உங்களுக்குத் தெரிகிறதா, வாடிக்கையாளருக்குத் தெரிகிறதா? ஒருவர் பேசும்போது இடைமறிப்பது குறைந்திருக்கிறதா என்பதை, உங்களிடம் உண்மை பேசத் தயங்காத ஒருவரிடம், ‘நான் இந்த மாதம் யாரையாவது பேசவிடாமல் செய்தேனா, சொல்லுங்கள்’ என்று நேரடியாகக் கேளுங்கள். அவர் பெயர் குறிப்பிட்டு ஒரு சம்பவத்தைச் சொன்னால், விளக்கம் சொல்லாமல் கடைசிவரை கேளுங்கள். ஆறு மாதத்துக்கு முன் மூன்று வாரத் தாமதத்தைக் கடைசி வாரத்தில் சொன்ன அதே ஊழியர், இப்போது இரண்டு நாள் தாமதத்தையும் தெரிந்த அன்றே வந்து சொல்கிறார் என்றால் பயிற்சி பலன் தருகிறது.